மறுபரப்பியின் செவி: கொங்கு நாட்டு மலைகளும் வானொலி ஏற்பி இடையூறுச் சோதனையும்

வானொலி மறுபரப்பி என்பது ஓர் அதிர்வெண்ணில் வரும் வலுக்குறைந்த சமிக்ஞையைப் பெற்று, அதே நேரத்தில் வேறோர் அதிர்வெண்ணில் வலுவாகப் பரப்பும் நிலையம். பேச்சு வழக்கில் இது ரிப்பீட்டர் எனப்படுகிறது. மலையுச்சியிலோ உயர்ந்த கோபுரத்திலோ அமையும் ஒரு மறுபரப்பி, ஒன்றையொன்று நேரடியாக எட்ட முடியாத இரண்டு கையடக்கக் கருவிகளை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இணைக்க வல்லது. காவல், வனம், மீட்புப் பணி ஆகியவற்றிலும், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியிலும் இது பயன்படுகிறது.

மறுபரப்பியின் அடிப்படைச் சிக்கல் அதன் அமைப்பிலேயே உள்ளது. கேட்கும் ஏற்பியும் பேசும் பரப்பியும் ஒரே அறையில், பெரும்பாலும் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில் இயங்குகின்றன. பரப்பியின் ஆற்றலில் மிகச் சிறு பங்கு ஏற்பிக்குள் கசிந்தாலும் ஏற்பி மந்தமாகிவிடும். இந்தக் குறை வெளியிலிருந்து கேட்பவருக்குத் தெரியாது. மறுபரப்பியின் குரல் வழக்கம்போல் தெளிவாகவே ஒலிக்கும்; அதை அழைக்கும் வலுக்குறைந்த குரல் மட்டும் பதிலின்றிப் போகும். ஏற்பி இடையூறுச் சோதனை என்பது இந்த மறைந்திருக்கும் மந்தத்தை அளந்து கண்டறியும் முறையாகும். மலைகளால் சூழப்பட்ட கொங்கு நாடு, மறுபரப்பியின் தேவையையும் அதன் சிக்கல்களையும் ஒருசேரக் காட்டும் நிலப்பகுதி.

மலை சூழ்ந்த நிலம்

கோயம்புத்தூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வடமேற்கே நீலகிரியும், தெற்கே ஆனைமலையும், தென்கிழக்கே பழனி மலையும், கிழக்கே சேலத்தை ஒட்டிச் சேர்வராயன் மலையும் அமைந்துள்ளன. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மட்டுமே அகன்ற திறப்பு. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. அதாவது கோவை சமவெளியைவிட 2,200 மீட்டருக்கும் மேல்.

மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தையொட்டி வளைந்து செல்லும். 1966இல் தொடங்கப்பட்ட கோவை வானொலி நிலையம் அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் மீ உயர் அதிர்வெண் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்கின்றன. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் கருவிக்கு இது சுமார் 5 கிலோமீட்டர். தொட்டபெட்டாவின் உயரத்துக்கோ இது சுமார் 190 கிலோமீட்டர். திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் ஆகிய நகரங்கள் எல்லாம் இந்தக் கணக்கின்படி அந்த வட்டத்துக்குள் அடங்குகின்றன. கொடைக்கானலில் இருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலியின் பண்பலை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவையில் கேட்பதற்கும் மலையின் உயரமே காரணம்.

மலை உதவுவது போலவே மறைக்கவும் செய்யும். குன்னூர் மலைச்சாலையின் பள்ளங்களிலும் வால்பாறையின் தேயிலைச் சரிவுகளிலும் நிற்பவரின் கருவியிலிருந்து எழும் அலை, பாறை முகடுகளில் மோதிச் சிதறிய பிறகே உச்சியை அடைகிறது. அவ்வாறு வந்து சேரும் சமிக்ஞை மிக நலிந்தது. ஆகவே மலையுச்சி மறுபரப்பியின் பயன், அது எவ்வளவு ஆற்றலுடன் பரப்புகிறது என்பதைவிட எவ்வளவு நலிந்த சமிக்ஞையைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சமவெளியில் இன்னொரு தடையும் இருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பஞ்சாலைகளும் மின் இறைப்பான்களும் பெருகின. மோட்டார்களின் தீப்பொறியும் சுவிட்சுகளின் அதிர்வும் வானொலி ஏற்பிகளில் இரைச்சலாக விழுந்தன. தொழில் நகரத்தைவிட மலையுச்சி மின்னிரைச்சல் குறைந்த இடம் என்பதும் மறுபரப்பிக்கு மலையைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களுள் ஒன்று.

தந்தியிலிருந்து தொலைபேசி வரை

மறுபரப்பும் எண்ணம் வானொலிக்கு முந்தியது. நீண்ட தந்திக் கம்பியில் மின்னோட்டம் நலிந்துபோவதைச் சரிசெய்ய, அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835இல் உருவாக்கிய ரிலே என்னும் மின்காந்தச் சாவி பயன்பட்டது. ஒரு கம்பியில் வரும் நலிந்த துடிப்பு, அடுத்த கம்பியின் மின்கலத்தை இயக்கியது. தந்தியில் புள்ளியும் கோடும் மட்டுமே இருந்ததால் இது எளிதாக இருந்தது.

தொலைபேசியில் இரு திசைகளிலும் ஒரே கம்பியில் குரல் செல்கிறது. வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளின் துணையுடன் 1915இல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு தொடங்கப்பட்டது. அப்போது பொறியாளர்கள் எதிர்கொண்ட தொல்லை, பெருக்கியின் வெளியீடு அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வந்து ஊளையிடுவது. ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியைப் பிடித்தால் எழும் கீச்சொலியும் இதே வகைதான். இரு திசைகளையும் பிரித்து வைக்கும் சமன்செய்த மின்மாற்றிகளைக் கொண்டு இதைக் கட்டுப்படுத்தினர். தன் குரலைத் தானே கேட்டுக் குழம்பும் இந்தக் குறை, பின்னர் வானொலி மறுபரப்பியிலும் வேறு வடிவில் தோன்றியது.

பண்பலையும் நகரும் வானொலியும்

எட்வின் ஆம்ஸ்ட்ராங் பண்பலை முறைக்கான காப்புரிமைகளை 1933இல் பெற்றார். இரைச்சல் குறைந்த இந்த முறையைக் காவல்துறை வாகனங்களுக்குப் பயன்படுத்த முடியும் என்பதை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் காவல்துறைக்காக டேனியல் நோபல் வடிவமைத்து 1940இல் இயங்கத் தொடங்கிய இருவழி வானொலி அமைப்பு காட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மிஞ்சிய கருவிகளும் பழைய வாகன வானொலிகளும் அமெச்சூர்களின் கைக்கு வந்தன. 1950களில் லாஸ் ஏஞ்சலசில் ஆர்ட் ஜென்ட்ரி என்பவர் இயக்கிய கே6எம்ஒய்கே என்ற நிலையம் அமெச்சூர் மறுபரப்பிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

தொடக்ககால மறுபரப்பிகள் பலவற்றில் ஏற்பி ஓரிடத்திலும் பரப்பி வேறோரிடத்திலும் வைக்கப்பட்டன. இரண்டையும் கம்பியோ மற்றொரு வானொலி இணைப்போ இணைத்தது. இடைவெளியே அன்றைய பாதுகாப்பு. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் ஏற்பி மந்தமாதல் என்பது முதன்மைச் சிக்கலாகியது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921இல் அமரேந்திர சந்திர குப்தாவின் நிலையத்துடன் தொடங்கியது. தமிழகத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணப் பற்றாக்குறையால் 1927இல் அது நின்றது. பின்னர் சென்னை மாநகராட்சி அதன் பரப்பியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கோவையில் ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார். வானொலியைக் கேட்பதோடு நில்லாமல் அதைப் பிரித்துப் பார்த்துச் செய்யவும் துணிந்த தொழில் மனப்பான்மை இந்நகரில் அப்போதே இருந்ததை இது காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. விடுதலைக்குப்பின் 1948இல் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் மோவ் நகரில் தொடங்கப்பட்டது. அதிர்வெண் ஒதுக்கீட்டைக் கவனிக்கும் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவும், அலைகளைக் கண்காணிக்கும் கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பும் 1952இல் உருவாயின. 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளின் கீழ் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களே பரப்பியை இயக்கலாம்.

இந்தியாவில் அமெச்சூர்களுக்கான இரண்டு மீட்டர் அலைப்பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே. இதற்குள்ளேயே உள்ளீடும் வெளியீடும் அடங்க வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். 145 மெகாஹெர்ட்சில் இது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஏற்பி இடையூறு பற்றிய தொழில்நுட்பம் முழுவதும் இந்தச் சிறிய இடைவெளியைச் சமாளிப்பதைச் சுற்றியே வளர்ந்தது.

இடையூறு பிறக்கும் விதம்

நல்ல ஏற்பி ஒன்று 0.35 மைக்ரோவோல்ட் அளவுள்ள சமிக்ஞையையும் புரியும்படி எடுத்துத் தரும். 50 ஓம் தடையில் இதன் ஆற்றலைக் கணக்கிட்டு, பக்கத்திலிருக்கும் 25 வாட் பரப்பியின் ஆற்றலோடு ஒப்பிட்டால் வேறுபாடு 160 டெசிபல், அதாவது ஒன்றுக்குப்பின் 16 சுழியங்கள் கொண்ட மடங்கு. இந்தப் பேரொலியின் அருகிலிருந்துகொண்டுதான் ஏற்பி அந்தச் சிற்றொலியைக் கேட்க வேண்டும்.

பரப்பி ஏற்பியை இரு வழிகளில் பாதிக்கிறது. முதலாவது மிகைச்சுமை. பரப்பியின் முதன்மை அலை, ஏற்பியின் அதிர்வெண்ணில் இல்லாவிட்டாலும், அதன் முதற்கட்டப் பெருக்கிகளைத் திணறடிக்கிறது. திணறிய பெருக்கி நலிந்த சமிக்ஞையைப் பெருக்காது. இரண்டாவது பக்க இரைச்சல். எந்தப் பரப்பியும் தனக்குரிய அதிர்வெண்ணை மட்டுமே வெளியிடுவதில்லை. அதன் இருபுறமும் மெல்லிய இரைச்சல் பரந்திருக்கும். அதில் ஒரு பகுதி ஏற்பியின் அதிர்வெண்ணிலேயே விழுகிறது.

இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், ஏனெனில் அவற்றுக்கான தீர்வு வெவ்வேறு இடங்களில் உள்ளது. மிகைச்சுமையை ஏற்பிக்கு முன்னால் வைக்கும் வடிகட்டி தடுக்கும். பக்க இரைச்சலை அங்கே தடுக்க முடியாது. ஏற்பி கேட்க விரும்பும் அதே அதிர்வெண்ணில் இரைச்சல் வருவதால், அதை வடிகட்டினால் சமிக்ஞையும் சேர்ந்தே போய்விடும். அந்த இரைச்சலைப் பரப்பியை விட்டு வெளியேறும் முன்பே வடிகட்ட வேண்டும். ஏற்பிப் பக்கம் எத்தனை வடிகட்டி சேர்த்தாலும் பயனில்லாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளிவைப்பது பழைய வழி. 145 மெகாஹெர்ட்சில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 55 டெசிபல் தனிமை கிடைக்கும். அதே அளவைக் கிடைமட்டமாகப் பெற 100 மீட்டர் விலக வேண்டும். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள மறுபரப்பிக்குப் பொதுவாக 80 முதல் 90 டெசிபல் வரை தேவைப்படுவதால் ஆன்டெனா இடைவெளி மட்டும் போதாது.

இதற்கு விடையாக வந்தது டூப்ளெக்சர். உள்ளே நடுத்தண்டு கொண்ட உலோக உருளைகள் இதன் உறுப்புகள். நடுத்தண்டின் நீளம் கால் அலைநீளமாக இருக்கும். 145 மெகாஹெர்ட்சுக்கு இது சுமார் 52 சென்டிமீட்டர். சில உருளைகள் பரப்பியின் அதிர்வெண்ணை விட்டு ஏற்பியின் அதிர்வெண்ணைத் தடுக்கும். மற்றவை அதற்கு நேர்மாறாக இயங்கும். இவற்றைச் சேர்த்தால் ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடிகிறது. சரியான திருகளவுக்குச் சற்றே விலகினாலும் தடுப்பு சரிந்துவிடும் என்பதால், டூப்ளெக்சரைச் சுருதி சேர்ப்பது பொறுமையான வேலை.

சோதனை முறை

ஏற்பி இடையூறுச் சோதனையின் அடிப்படைக் கேள்வி ஒன்றே: பரப்பி அணைந்திருக்கும்போது ஏற்பி எவ்வளவு நலிந்த சமிக்ஞையைக் கேட்கிறதோ, பரப்பி இயங்கும்போதும் அதே சமிக்ஞையைக் கேட்கிறதா? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டெசிபலில் குறிக்கப்படுகிறது. வேறுபாடு சுழியமாக இருந்தால் மறுபரப்பி நலமாக உள்ளது.

அளவீட்டுக்கு சினாட் என்னும் எண் பயன்படுகிறது. சமிக்ஞையும் இரைச்சலும் திரிபும் சேர்ந்த மொத்தத்துக்கும், இரைச்சலும் திரிபும் மட்டும் சேர்ந்ததற்கும் உள்ள விகிதம் அது. 12 டெசிபல் சினாட் தருவதற்கு எவ்வளவு நலிந்த சமிக்ஞை போதும் என்பதே ஏற்பியின் உணர்திறன்.

சோதனை படிப்படியாக நடக்கும். முதலில் ஏற்பியைத் தனியே எடுத்து, சமிக்ஞை இயற்றியை நேரடியாக இணைத்து உணர்திறன் அளக்கப்படும். அடுத்து டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாகப் போலிச்சுமை பொருத்தப்படும். போலிச்சுமை ஆற்றலை வெப்பமாக்கும், அலையாக வெளிவிடாது. அந்தக் கம்பியில் ஒரு சிறு இணைப்பான் வழியே சமிக்ஞை இயற்றியின் மிக நலிந்த சமிக்ஞை செலுத்தப்படும். இந்த இணைப்பான் பரப்பியின் ஆற்றல் சமிக்ஞை இயற்றிக்குள் பாய்ந்து அதைச் சேதப்படுத்தாமலும் காக்கிறது. பரப்பி அணைந்த நிலையில் 12 டெசிபல் சினாட் கிடைக்கும் அளவு குறித்துக்கொள்ளப்படும். பிறகு பரப்பி இயக்கப்படும். அதே சினாட்டை மீண்டும் பெறச் சமிக்ஞையை எத்தனை டெசிபல் கூட்ட வேண்டியிருக்கிறதோ அதுவே மறுபரப்பியின் மந்தம். போலிச்சுமையிலேயே மந்தம் தெரிந்தால் குறை டூப்ளெக்சரிலோ, கம்பிகளின் உறையிலோ, பெட்டிகளின் கசிவிலோ இருக்கிறது.

போலிச்சுமையில் குறை இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு ஆன்டெனா பொருத்தப்படும். பரப்பி அணைந்தே இருக்கையில் உணர்திறன் குறைந்தால், அது அந்த இடத்தின் வெளி இரைச்சல். பரப்பியை இயக்கியபின் மட்டும் குறைந்தால், குறை ஆன்டெனாவிலோ அதன் கம்பியிலோ கோபுரத்திலோ உள்ளது. நான்கு அளவீடுகளில் குறையின் இருப்பிடம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதே இம்முறையின் பலம்.

கருவிகள் இல்லாத இடத்தில் எளிய முறையும் உண்டு. தொலைவில் ஒருவர் குறைந்த ஆற்றலில், இரைச்சலோடு மட்டுமே கேட்கும்படி பேசிக்கொண்டிருப்பார். மலையில் இருப்பவர் ஏற்பியின் ஒலிபெருக்கியைக் கேட்டபடி பரப்பியை இயக்கியும் அணைத்தும் பார்ப்பார். பரப்பி இயங்கும்போது குரல் இரைச்சலில் அமிழ்ந்தால் மந்தம் உறுதி.

பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் கோபுரங்களில் வேறொரு வகை இடையூறு நிகழும். இரு பரப்பிகளின் அலைகள் ஏற்பிக்குள் கலந்து மூன்றாவது ஓர் அதிர்வெண்ணை உருவாக்கும். எடுத்துக்காட்டாக 150.0, 154.9 மெகாஹெர்ட்ஸ் பரப்பிகள் அருகில் இருந்தால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழிக்க 145.1 கிடைக்கும். அது ஒரு மறுபரப்பியின் உள்ளீடாக இருந்தால் யாரும் பேசாதபோதே ஏற்பி திறந்துகொள்ளும். கலப்பு எங்கே நடக்கிறது என்பதை அறிய, ஏற்பியின் முன்னால் 3 டெசிபல் தணிப்பான் பொருத்திப் பார்ப்பர். இடையூறு 3 டெசிபல் மட்டுமே குறைந்தால் அது வெளியிலேயே உருவாகி வருகிறது. ஏறத்தாழ 9 டெசிபல் குறைந்தால் ஏற்பிக்குள் உருவாகிறது.

மழையும் துருவும் வெயிலும்

மலையுச்சிச் சோதனை ஒருமுறை செய்து முடிந்துவிடுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயிலும் நீலகிரியின் மேற்குச் சரிவுகளிலும் தென்மேற்குப் பருவமழை ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. இடையில் மாதக்கணக்கில் பனிமூட்டம். இந்த ஈரம் ஓரச்சு வடத்தின் இணைப்புகளுக்குள் புகுகிறது. கோபுரத்தின் திருகுகளும் தாங்கு கம்பிகளின் முடிச்சுகளும் துருப்பிடிக்கின்றன.

துருப்பிடித்த இணைப்பு, பழைய படிக வானொலியின் கண்டுணர்வி போலவே, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை எளிதாக விடும். பரப்பியின் வலுவான அலை அதில் படும்போது புதிய அதிர்வெண்களும் இரைச்சலும் பிறக்கின்றன. காற்றில் கம்பி அசையும்போதெல்லாம் ஏற்பியில் கரகரப்பு எழுவது இதன் அடையாளம். அலுமினியத் தகடும் செப்புப் பின்னலும் சேர்ந்த உறையுடைய வடங்களிலும் இரண்டு உலோகங்களும் உராயுமிடத்தில் இதே தொல்லை வரலாம். ஆகவே மறுபரப்பிகளுக்கு ஒரே உலோகத்தாலான இரட்டைப் பின்னல் உறை கொண்ட வடங்கள் விரும்பப்படுகின்றன.

வெப்பமும் ஒரு காரணி. உதகையில் குளிர்கால இரவில் உறைபனி விழும். பகலில் வெயில் சுடும். பித்தளை நடுத்தண்டு கொண்ட உருளை 20 டிகிரி செல்சியசு வெப்ப மாற்றத்தில் நீண்டு, அதன் சுருதி ஏறத்தாழ 55 கிலோஹெர்ட்ஸ் நகரும் என்று கணக்கிடலாம். கூர்மையான தடுப்பு பிசகிப்போக இது போதும். வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்னும் இரும்பு–நிக்கல் கலவை தரமான டூப்ளெக்சர்களில் இதற்காகவே பயன்படுகிறது. நண்பகலில் தேறிய மறுபரப்பி விடியற்காலையில் தவறக்கூடும் என்பதால், சோதனையைக் குளிரிலும் வெயிலிலும் செய்வது நன்று.

விண்ணில் ஒரு மறுபரப்பி

இந்தியாவில் அமெச்சூர்களுக்காக உருவான மிகப் புகழ்பெற்ற மறுபரப்பி மலையில் அமையாமல் விண்ணில் சுற்றியது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏவுகலம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளுடன் 42.5 கிலோகிராம் எடையுள்ள ஹாம்சாட்டையும் கொண்டுசென்றது. அதில் இரண்டு மறுபரப்பிகள் இருந்தன. ஒன்று இந்திய அமெச்சூர்களும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியது. மற்றொன்று வில்லியம் லைய்னார் என்ற டச்சு மாணவர் செய்தது. தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெற்று 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அது திருப்பி அனுப்பியது.

இரு அலைப்பட்டைகள் இவ்வளவு விலகியிருந்தும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. 145.9 மெகாஹெர்ட்சின் மூன்றாம் மடங்கு 437.7 மெகாஹெர்ட்ஸ். இது 435.25 மெகாஹெர்ட்சை ஒட்டியிருந்த உள்ளீட்டிலிருந்து 2.5 மெகாஹெர்ட்ஸ் தொலைவில் வருகிறது. ஆகவே பரப்பியின் மேல்மடங்குகளை வடிகட்டுவது இத்தகைய விண்கல வடிவமைப்பில் தவிர்க்க முடியாதது. மலையிலுள்ள நிலையத்துக்கு மழைக்குப்பின் ஏறிச் சென்று திருகை மாற்றலாம். விண்ணில் அது முடியாது. எனவே எல்லாச் சோதனைகளும் ஏவுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். மின்கலம் பழுதடைந்து 2014 ஜூலையில் நிற்கும்வரை ஹாம்சாட் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியது.

நீலகிரியின் பெரிய செவி

உதகை அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970இல் நிறைவுற்ற வானொலித் தொலைநோக்கி, இப்பகுதியிலுள்ள ஏற்பிகளில் மிகவும் நுண்ணுணர்வு வாய்ந்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, மலைச்சரிவையே பயன்படுத்திப் புவியின் அச்சுக்கு இணையாகக் கட்டப்பட்டது. 326.5 மெகாஹெர்ட்சில் விண்பொருள்களின் அலைகளைப் பெறுகிறது.

163.25 மெகாஹெர்ட்சில் இயங்கும் ஒரு நிலப்பணிப் பரப்பியின் இரண்டாம் மடங்கு சரியாக 326.5 மெகாஹெர்ட்ஸ். ஆகவே இத்தகைய ஏற்பிக்கு அருகே வடிகட்டி பழுதான ஒரு பரப்பி இயங்கினால், அதை இயக்குபவர் அறியாமலே விண்மீன்களின் ஒலியை அது மூழ்கடித்துவிடும். மறுபரப்பிச் சோதனை தன் ஏற்பியோடு நின்றுவிடாமல், மலையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களின் ஏற்பிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

உரிமமற்ற கைப்பேசிப் பெருக்கிகள்

கைப்பேசி பரவியபின் மறுபரப்பி மலையிலிருந்து இறங்கி வீட்டு மாடிக்கும் கடைக்கும் வந்தது. கான்கிரீட் கட்டடங்களிலும் நிலவறைகளிலும் கைப்பேசி எடுக்காதபோது, பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் சிறு பெருக்கிகளைச் சிலர் உரிமமின்றிப் பொருத்துகின்றனர். இவை பெரும்பாலும் எந்தச் சோதனையும் இல்லாமல் நிறுவப்படுகின்றன.

இத்தகைய பெருக்கி, வீட்டுக்காரரின் கைப்பேசியை மட்டும் பெருக்குவதில்லை. தன் இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. 70 டெசிபல் பெருக்கமும் 6 டெசிபல் இரைச்சல் எண்ணும் கொண்ட ஒரு பெருக்கி, 500 மீட்டர் தொலைவிலுள்ள 900 மெகாஹெர்ட்ஸ் கோபுரத்தை நோக்கியிருக்கிறது என்று கொள்வோம். இரு முனை ஆன்டெனாக்களின் கூட்டுப் பெருக்கம் 25 டெசிபல் என்றால், தடையற்ற பாதையில் அது கோபுர ஏற்பியின் இயல்பான இரைச்சலைவிட ஏறத்தாழ 12 டெசிபல், அதாவது 16 மடங்கு, மிகுந்த இரைச்சலை அங்கே சேர்க்கும். ஒரு வீட்டில் கைப்பேசியின் கோடுகள் கூடும். அதே கோபுரத்தை நம்பியிருக்கும் தொலைவு வீடுகளில் அழைப்புகள் அறுந்துபோகும். வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையே போதிய தனிமை இல்லையென்றால், அந்தக் காலத் தொலைபேசிப் பெருக்கியைப் போலவே இதுவும் ஊளையிடத் தொடங்கும். அதனால் பெருக்கத்தை அந்தத் தனிமையைவிட 15 டெசிபலாவது குறைவாக வைப்பது பொறியியல் மரபு.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதையும் இயக்குவதையும் குற்றமாக்கின. இவற்றுக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. திசையறி ஆன்டெனாக்களுடன் தெருத் தெருவாகச் சென்று இடையூறு எழுப்பும் பெருக்கிகளைக் கண்டறிவது கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பின் பணிகளுள் ஒன்று.

முக்கியத்துவம்

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் பல இடங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பல பகுதிகளில் கைப்பேசிச் சேவை முடங்கியது. இத்தகைய வேளைகளில் உதவி கோருபவரிடம் இருப்பது மின்கலம் தீர்ந்துவரும் ஒரு கையடக்கக் கருவியாக இருக்கலாம். அவர் நிற்குமிடம் பெரும்பாலும் பள்ளமாகவே இருக்கும்.

மறுபரப்பியில் 20 டெசிபல் மந்தம் இருந்தால் அவருடைய 5 வாட் கருவி, 50 மில்லிவாட் கருவியைப் போல் ஆகிவிடுகிறது. 6 டெசிபல் மந்தம் மட்டுமே இருந்தாலும் தடையற்ற வெளியில் எட்டும் தூரம் பாதியாகும். நல்ல இடத்தில் நின்று வலுவான கருவியில் பேசுபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. அவர்களுடைய அன்றாட உரையாடல் தடையின்றி நடப்பதால், மறுபரப்பி நன்றாக இருப்பதாகவே எல்லோரும் எண்ணியிருப்பர். நலிந்த குரலுக்கு மட்டும் அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

பரப்பியை அணைத்தும் இயக்கியும் இரு எண்களை ஒப்பிடும் இந்தச் சோதனை, அந்த நலிந்த குரலின் சார்பில் முன்கூட்டியே செய்யப்படுவது. பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்து குறித்துவைத்தால், எண்களில் காணும் சிறு சரிவே துருப்பிடித்த திருகையோ ஈரமேறிய இணைப்பையோ காட்டிக் கொடுத்துவிடும்.